தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பைக் காப்பது: கண் போதுமா, மானிட்டர் வேண்டுமா?

தைராய்டு கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவான பிறகு பலர் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். ஒரு டாக்டர், "நரம்பைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் எடுப்பேன், கருவி எதற்கு?" என்கிறார். இன்னொருவர், "நர்வ் மானிட்டர் இல்லாமல் செய்ய மாட்டேன், அதற்குத் தனிச் செலவு ஆகும்" என்கிறார். மூன்றாவது இடத்தில், ஆபரேஷன் முழுக்க நொடிக்கு நொடி நரம்பைக் கண்காணிக்கும் இன்னும் விலை கூடிய ஏற்பாட்டைச் சொல்கிறார்கள். மூவரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். அதனால்தான் குழப்பம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மானிட்டர் என்பது நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, அது வேலை செய்கிறதா என்று காட்டும் கருவி. நல்ல கைக்கு அது மாற்று ஆகாது. நரம்பைக் கண்டுபிடிக்க அது ஓரளவுக்கு உதவும். அதன் பெரிய பயன், முதல் பக்கத்தை எடுத்து முடித்ததும் இரண்டாவது பக்கத்தைத் தொடலாமா வேண்டாமா என்று சொல்வதில்தான் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு ஒரு பக்க ஆபரேஷனா இரண்டு பக்கமா என்பதைப் பொறுத்தே இந்தக் கேள்விக்கு விடை மாறும்.

## எந்த நரம்பு, எப்படி அடிபடுகிறது

குரல் நாண்களை அசைக்கும் முக்கிய நரம்பு மீள்குரல்வளை நரம்பு, டாக்டர்கள் ஆர்.எல்.என். என்று சுருக்கிச் சொல்வார்கள். பக்கத்துக்கு ஒன்று. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து மார்புப் பகுதியில் கிளைத்து, இடப்பக்கம் மகாதமனி வளைவைச் சுற்றியும், வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியைச் சுற்றியும் திரும்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மேலேறி, தைராய்டின் முதுகை உரசிக்கொண்டு குரல்வளைக்குள் நுழைகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். சுமார் 100 பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு, வலப்பக்க நரம்பு மார்புக்குப் போகாமலே கழுத்தில் நேராகக் குறுக்கே வரும். வழக்கமான இடத்தில் தேடுபவர் அதை ரத்தக்குழாய் என்று நினைத்து வெட்டிவிடக்கூடும்.

நரம்பு அதிகம் அடிபடும் இடம் பெர்ரி தசைநார். தைராய்டை மூச்சுக்குழாயோடு பிணைத்திருக்கும் கெட்டியான திசு அது. கட்டியை வெளியே எடுக்க, தைராய்டின் அந்தப் பக்கப் பாதியை, அதாவது மடலை, நடுப்பக்கமாக இழுத்துத் திருப்ப வேண்டும். அப்போது பெர்ரி தசைநாருக்கு அடியில் ஓடும் நரம்பும் சேர்ந்து இழுபடும், வளையும். அதே இடத்தில் ஒரு சிறு தமனியில் கசிவு வரும். பதற்றத்தில் கிளாம்ப் போட்டாலோ காட்டரி (சூட்டால் ரத்தத்தை நிறுத்தும் கருவி) வைத்தாலோ நரம்பு சிக்கிக்கொள்ளும். பல பேருக்கு நரம்பு குரல்வளைக்குள் நுழையுமுன்பே இரண்டாகப் பிரிந்துவிடும். குரல் நாணை அசைக்கும் இழைகள் பெரும்பாலும் முன்கிளையில்தான் இருக்கும். பின்கிளையைப் பார்த்துவிட்டு "நரம்பு கிடைத்துவிட்டது" என்று நிம்மதி அடைந்தவரின் கையில் முன்கிளை போய்விடலாம்.

நரம்பு வெட்டுப்படுவது இன்று அபூர்வம். பெரும்பாலான பாதிப்பு இழுவையால் வருகிறது. அடுத்து வெப்பம், நசுங்கல், தையலில் சிக்குதல். இழுவைக் காயம் பட்ட நரம்பு பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும்: உறை கிழியாமல் உள்ளே கம்பி அறுந்த மின்வயர் மாதிரி. கண்ணை மட்டும் நம்பினால் இந்தக் காயம் ஆபரேஷன் மேசையில் தெரியவே தெரியாது. மானிட்டர் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளம்புவதுதான்.

ஒரு பக்க நாண் நின்றுபோனால் குரல் காற்றோடு கலந்து கரகரக்கும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். இரண்டு பக்கமும் நின்றுபோனால் விஷயம் குரலோடு நிற்காது. நாண்கள் நடுவில் வந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். கழுத்தில் துளையிட்டுச் சுவாசக்குழாய் வைக்க வேண்டி வரலாம்.

இன்னொரு நரம்பும் உண்டு. மேல்குரல்வளை நரம்பின் வெளிக்கிளை தைராய்டின் மேல்முனையை ஒட்டிப் போகிறது. குரலை உச்சத்துக்கு ஏற்றும் தசைக்கு அதுதான் கட்டளை தருகிறது. அது போனால் பேச்சு நன்றாகவே இருக்கும். மேல் ஸ்தாயி எட்டாது, உரக்கக் கூப்பிட முடியாது, கொஞ்ச நேரம் பேசினாலே குரல் களைத்துவிடும். பிரேசில் அறுவை மருத்துவர் செர்னியா 1992இல் தந்த வகைப்பாட்டில், இந்தக் கிளை தைராய்டின் மேல்முனைக்கு 1 செ.மீ.க்கு மேலே ரத்தக்குழாய்களைக் கடந்தால் ஆபத்து குறைவு, 1 செ.மீ.க்குள் வந்தால் கூடுதல். மேல்முனைக்கும் கீழே இறங்கி வந்தால் மிக அதிகம். பெரிய கழலைகளில்தான் (வீங்கிப் பெருத்த தைராய்டு) அது இப்படித் தாழ்ந்து வருவது அதிகம். பாடகர், ஆசிரியர், மேடைப் பேச்சாளர் எல்லோரும் இந்த இரண்டாவது நரம்பைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். டாக்டர் தானாகச் சொல்லாமல் விட்டுவிடும் நரம்பு இதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

விளம்பரத் தாளில் உள்ள "அதிநவீன" என்ற சொல்லை வைத்து முடிவெடுக்க முடியாது. நாங்கள் பார்ப்பது இவற்றை:

- நரம்பைக் கண்டுபிடிக்க உதவுகிறதா, குறிப்பாகத் தழும்புக்குள்ளும் பெரிய கழலைக்குப் பின்னாலும்.
- பார்வைக்கு முழுசாக இருக்கும் நரம்பு வேலை செய்கிறதா என்று சொல்லுமா.
- காயம் முழுமையாவதற்கு முன்பே எச்சரிக்குமா, முடிந்த பிறகு மட்டும் அறிவிக்குமா.
- தவறான எச்சரிக்கை எவ்வளவு வரும், வந்தால் என்ன நஷ்டம்.
- பில்லில் தெரியும் செலவு, தெரியாத செலவு.
- மயக்க மருந்து நிபுணர் உட்பட மொத்தக் குழுவுக்கும் இதில் பழக்கம் உண்டா.

கடைசியில் சொன்னதற்கே அதிக எடை தருகிறோம்.

## வழி 1: கண்ணால் கண்டு காப்பது

1938இல் பாஸ்டனின் அறுவை மருத்துவர் ஃபிராங்க் லேஹி, நரம்பைத் தொடாமல் தவிர்ப்பதைவிட ஒவ்வொரு முறையும் தேடிக் கண்டு ஒதுக்குவதே பாதுகாப்பு என்று எழுதினார். அதுவரை பல அறுவை மருத்துவர்கள் நரம்பு இருக்கும் திசையில் போகாமல் இருப்பதையே பாதுகாப்பு என்று நினைத்தார்கள். இன்றும் மற்ற எல்லா முறைகளுக்கும் அடித்தளம் லேஹி சொன்னதுதான். மானிட்டர் இருந்தாலும் நரம்பைக் கண்ணால் காணாமல் விடுவது ஏற்புடையதல்ல.

நல்ல கை இதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேல்முனையின் ரத்தக்குழாய்களை மொத்தமாகச் சேர்த்துக் கட்டாமல், தைராய்டை ஒட்டி ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். வெளிக்கிளையைக் காப்பது அதுதான். மடலை மெதுவாகத் திருப்பி, தாழ்தைராய்டுத் தமனி குறுக்கிடும் இடத்திலோ தைராய்டின் பக்கப்புடைப்புக்கு அடியிலோ நரம்பைக் கண்டு, குரல்வளைக்குள் நுழையும் இடம்வரை பின்தொடர்வார்கள். பெர்ரி பக்கம் கசிந்தால் கிளாம்ப் எடுக்காமல், சிறு பஞ்சுத்துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக் காத்திருப்பார்கள். அல்ட்ராசானிக் கத்தி, ரத்தக்குழாய் சீல் செய்யும் கருவி போன்றவற்றின் முனையை நரம்பிலிருந்து குறைந்தது 3 முதல் 5 மி.மீ. தள்ளியே வைப்பார்கள், சூடாக இருக்கும் முனையால் உடனே அடுத்த திசுவைப் பிடிக்க மாட்டார்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வது இந்த வேலைக்கு மலிவான, உறுதியான துணை.

மறைந்திருக்கும் விலை: முதல் பக்க நரம்பு இழுபட்டுச் செயலிழந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நரம்பு கண்முன் வெள்ளையாக, முழுசாகக் கிடக்கிறது. அதை நம்பி இரண்டாவது பக்கத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எப்போது இது போதும்: ஒரு பக்கம் மட்டும் எடுக்கும் முதல் ஆபரேஷன், சிறிய கட்டி, எதிர்ப்பக்க நாண் நன்றாக அசைவது மூக்கு வழியாக விடும் ஸ்கோப்பில் உறுதியாகியிருக்கிறது, தைராய்டையே அன்றாடம் செய்யும் மருத்துவர். இந்த நான்கும் இருந்தால் மானிட்டர் இல்லை என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

## வழி 2: நரம்பைத் தூண்டி விரலால் உணர்வது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விற்பதற்கு இதில் பெரிய பொருள் எதுவும் இல்லை. எளிய நரம்புத் தூண்டியால் சுமார் 1 மில்லிஆம்பியர் மின்சாரத்தை நரம்பிலோ வேகஸிலோ கொடுத்து, மறுகையின் விரலைக் குரல்வளையின் பின்பக்கம் வைத்துக்கொள்வார்கள். நரம்பு வேலை செய்தால் உள்ளே உள்ள தசை விரல் நுனியில் துடிக்கும்.

தனிப்பட்ட மூச்சுக்குழாய் ட்யூப் தேவையில்லை, செலவு சொற்பம். முதல் பக்கம் முடிந்ததும் வேகஸைத் தூண்டித் துடிப்பு வருகிறதா என்று பார்த்துவிடலாம். பட்ஜெட் இறுக்கமான இடத்தில் இது உண்மையான, மதிக்கத்தக்க நடுவழி. குறைகளும் உண்டு: எண் இல்லை, பதிவு இல்லை, "துடிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறதா" என்பது விரலின் அனுபவத்தைப் பொறுத்தது. தசை தளர்த்தும் மருந்து உடலில் இருந்தால் இதுவும் பொய் சொல்லும். மானிட்டர் திடீரென்று மௌனமாகும்போது, கோளாறு நரம்பிலா கருவியிலா என்று பிரித்தறியவும் இதே விரல்தான் உதவும். அதனால் மானிட்டர் வைத்திருப்பவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

## வழி 3: இடைவிட்டுத் தொட்டுப் பார்க்கும் மானிட்டர்

"நர்வ் மானிட்டர்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். மயக்கம் கொடுக்கப் போடும் மூச்சுக்குழாய் ட்யூபின் மேல் மின்முனைகள் பதித்திருக்கும். அவை சரியாகக் குரல் நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். டாக்டர் கையிலுள்ள குச்சியால் நரம்பைத் தொட்டு 1 மில்லிஆம்பியர் கொடுத்தால், நாண் தசை சுருங்குவது திரையில் அலையாக வரும்; ஒலியும் கேட்கும்.

முறையாகச் செய்பவர்கள் ஆறு படிகளைப் பின்பற்றுவார்கள். ஆபரேஷனுக்கு முன் ஸ்கோப்பில் நாண்களைப் பார்ப்பது, தைராய்டைத் தொடும் முன் வேகஸைத் தூண்டிப் பதிவெடுப்பது, ஆர்.எல்.என்.ஐக் கண்டதும் தூண்டுவது; மடலை எடுத்தபின் ஆர்.எல்.என்.ஐ மறுபடி தூண்டுவது. கடைசியாக வேகஸை மறுபடி தூண்டுவது. பின்னர் மீண்டும் ஸ்கோப்.

வேகஸ் பதிவு இரண்டையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. அது பெரிய பிழை. கடைசியில் நரம்பை மட்டும் தூண்டினால், காயம் பட்ட இடத்துக்கு மேலே குச்சி பட்டுவிட வாய்ப்புண்டு. அங்கிருந்து குரல்வளைவரை பாதை நன்றாகத்தான் இருக்கும், அலை அழகாக வரும், காயம் தெரியாமல் போகும். வேகஸைத் தூண்டும் இடம் நரம்பு கிளைக்கும் முன்பே இருப்பதால் மொத்தப் பாதையையும் சோதித்துவிடும். தொடக்கத்து வேகஸ் பதிவு இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கும்: கழுத்தின் மேல்பகுதியில் தூண்டினால் அலை வந்து, கீழ்ப்பகுதியில் வராவிட்டால், வலப்பக்க நரம்பு மார்புக்குப் போகாத அந்த அபூர்வ வகை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எண்கள்: தொடக்க அலை 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். முதலில் நன்றாக இருந்தது, ஈரமில்லாத இடத்தில் 1 முதல் 2 மில்லிஆம்பியர் கொடுத்தும் 100 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் "சிக்னல் போய்விட்டது" என்று கொள்வார்கள். உடனே பயப்படக் கூடாது. காரணம் பல சமயம் நரம்பில் இருப்பதில்லை. கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது ட்யூப் மேலே நகர்ந்திருக்கலாம். ஆகவே சாய்த்த பிறகு அதன் இடத்தை மறுபடி பார்த்திருக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் தசைத் தளர்த்தி கொடுக்கப்பட்டிருக்கலாம். நாண்களில் எச்சில் தேங்கியிருக்கலாம். ட்யூபில் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவியிருக்கலாம். எதிர்ப்பக்க வேகஸைத் தூண்டிப் பார்ப்பதுதான் வேகமான சோதனை: அங்கே அலை வந்தால் கருவி சரி, கோளாறு இந்தப் பக்க நரம்பில்.

மயக்க மருந்து நிபுணர் இதில் சரிபாதிப் பங்காளி. ட்யூபை உள்ளே போட மட்டும் சக்சினைல்கோலினோ, கிலோவுக்கு 0.3 மி.கி. போலக் குறைந்த அளவில் ராக்குரோனியமோ கொடுத்து, அதன் பிறகு தளர்த்தி இல்லாமலே ஆபரேஷனை நடத்த வேண்டும். அவருக்கு இதில் பழக்கமில்லை என்றால் நல்ல மானிட்டரும் வெறும் பெட்டிதான்.

சான்று என்ன சொல்கிறது? இங்கேதான் இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு, கண்பார்வையைவிட மானிட்டர் மேல் என்றோ கீழ் என்றோ உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்றது. 2009இல் போலந்தில் 1,000 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வில், தற்காலிகப் பாதிப்பு மானிட்டர் தரப்பில் குறைந்தது. நிரந்தரப் பாதிப்பில் புள்ளியியல்படி வேறுபாடு தெரியவில்லை. நிரந்தரப் பாதிப்பு தேர்ந்த கைகளில் 100க்கு 1, 2 என்ற அளவில்தான் வருகிறது. அவ்வளவு அரிதான ஒன்று பாதியாகக் குறைகிறதா என்று நிரூபிக்கப் பல ஆயிரம் பேர் தேவை. ஆகவே "பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்பதும் தவறு, "காயமே வராது" என்பதும் தவறு.

ஆய்வுகளில் ஐயமின்றித் தெரிவது ஒன்று உண்டு. கடைசியில் வேகஸ் சிக்னல் நன்றாக இருந்தால், நாண் அசையும் என்பதை 100க்கு 95க்கு மேல் நம்பலாம். சிக்னல் போனால் அதே உறுதியோடு "நாண் செயலிழந்தது" என்று சொல்ல முடியாது. அந்தக் கணிப்பு குழுவுக்குக் குழு மிகவும் மாறுபடுகிறது. நல்ல செய்தியை அது உறுதியாகச் சொல்கிறது, கெட்ட செய்தியைத் தயங்கிச் சொல்கிறது.

மறைந்திருக்கும் விலை: ட்யூப் ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டியது, பில்லில் அதுவே பெரிய வரியாக வரும். காப்பீட்டு பேக்கேஜுக்குள் அது அடங்குமா என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். புது ட்யூப்தானா என்பதையும் கேளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்த விலை இன்னும் பெரியது: முதல் பக்கத்தில் சிக்னல் போனால் ஆபரேஷனை அங்கேயே நிறுத்தி, இரண்டாவது பக்கத்துக்கு வேறொரு நாள் வர வேண்டியிருக்கும். இரண்டாவது மயக்கம், இரண்டாவது அட்மிஷன், மறுபடி விடுப்பு. சிக்னல் பொய்யாகப் போயிருந்தால் இதெல்லாம் வீண்.

## வழி 4: இடைவிடாத கண்காணிப்பு

கரோட்டிட் தமனிக்கும் கழுத்துச் சிரைக்கும் நடுவில் ஓடும் வேகஸ் நரம்பைத் திறந்து, அதைச் சுற்றி ஒரு சிறிய மின்முனையை மாட்டிவிடுவார்கள். அது ஆபரேஷன் முழுக்கத் தானாகவே தூண்டிக்கொண்டிருக்கும். திரையில் இரண்டு கோடுகள் ஓடும்: அலையின் உயரம், அலை வந்துசேர எடுக்கும் நேரம். உயரம் 50 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, அதோடு நேரமும் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் எச்சரிக்கை. உடனே இழுப்பதை விட்டுவிட வேண்டும். பெரும்பாலான சமயம் கோடு திரும்பி வரும்.

வழி 3க்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே. இடைவிட்டுப் பார்க்கும் கருவி காயம் பட்ட பிறகு சொல்லும். இது இழுவை காயமாக மாறும் வழியிலேயே சொல்லும். வெட்டு, சூடு, நசுங்கல் ஆகியவை ஒரு நொடியில் முடிந்துவிடும், அவற்றை இதனாலும் தடுக்க முடியாது. ஆனால் மிக அதிகம் வருவது இழுவைக் காயம். ஜெர்மனியில் பெரிய எண்ணிக்கையில் செய்து ஒப்பிட்டவர்கள் இடைவிடாத முறையில் பாதிப்பு குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். அவை சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகள் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் விலை இங்கே பணம் மட்டுமல்ல. காப்பதற்காக இன்னொரு நரம்பைத் திறக்கிறோம். மின்முனை அடிக்கடி கழன்றுவிடும். மாட்டும்போது வேகஸ் அழுந்தக்கூடும். இதயத் துடிப்பு மந்தமானது போன்ற பாதிப்புகள் அபூர்வமாகப் பதிவாகியிருக்கின்றன. வேகஸும் பெரிய ரத்தக்குழாய்களும் ஓடும் கழுத்துறையைத் திறந்து பழகாத ஒருவர், விளம்பரத்துக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை.

எப்போது மதிப்பு: மறு ஆபரேஷன், நரம்பை ஒட்டிய புற்றுக்கட்டி, மார்புக்குள் இறங்கிய கழலை. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்ப்பக்க நாண் ஏற்கெனவே செயலிழந்து, மிஞ்சியிருக்கும் ஒரே நரம்பின் பக்கம் ஆபரேஷன் நடக்கும்போது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கண்பார்வை மட்டும் | தூண்டி + விரல் | இடைவிட்ட மானிட்டர் | இடைவிடா மானிட்டர் |
|---|---|---|---|---|
| நரம்பைத் தேட உதவி | மருத்துவரின் அனுபவம் | ஓரளவு | நன்று | நன்று |
| நரம்பு வேலை செய்கிறதா | தெரியாது | ஆம்/இல்லை என்ற அளவில் | எண்ணோடு தெரியும் | எண்ணோடு, தொடர்ந்து |
| இழுவைக்கு முன்னெச்சரிக்கை | இல்லை | இல்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| தவறான எச்சரிக்கை | பொருந்தாது | விரலைப் பொறுத்தது | ட்யூப், மருந்தால் வரும் | அவற்றோடு மின்முனை கழல்வதாலும் |
| கூடுதல் செலவு | இல்லை | சிறிது | ட்யூப், கருவிக் கட்டணம் | அதோடு வேகஸ் மின்முனை |
| கூடுதல் ஆபத்து | இல்லை | மிகக் குறைவு | மிகக் குறைவு | வேகஸைத் திறப்பது |
| பொருத்தமான இடம் | ஒரு பக்கம், எளிய கட்டி | இரண்டு பக்கம், மானிட்டர் கிடைக்காத இடம் | இரண்டு பக்க ஆபரேஷன் எல்லாம் | கடினமான கழுத்து, ஒரே நரம்பு மிஞ்சியவர் |

## கருவிக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா. ஒரு மடலை மட்டும் எடுத்தால் ஒரு ஆர்.எல்.என்.தான் ஆபத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் நின்றுபோகும் பயம் அந்த ஆபரேஷனில் எழாது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், 1 முதல் 4 செ.மீ. அளவில், தைராய்டைத் தாண்டாத, நெறிக்கட்டில் பரவாத புற்றுக்கும் ஒரு மடலை மட்டும் எடுப்பது போதுமானதாக இருக்கலாம் என்றது. "எதற்கும் முழுசாக எடுத்துவிடுவோம்" என்று சொன்னால், ஏன் என்று கேட்பது நரம்பைக் காக்கும் முதல் படி. கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது), இரு மடலிலும் பெரிய கட்டிகள், பரவிய புற்று இருந்தால் முழுசாக எடுக்கத்தான் வேண்டும். அதில் தயங்கக் கூடாது.

யார் கை. அமெரிக்காவில் சுமார் 17,000 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2017இல் வந்த ஆய்வு, ஆண்டுக்கு 25க்கு மேல் முழுத் தைராய்டு ஆபரேஷன் செய்பவர்களிடம் சிக்கல் குறைவதைக் காட்டியது. இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் "ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேட்க அது உங்களுக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. தலை-கழுத்து அறுவை, காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களிலும் தைராய்டையே முதன்மையாகச் செய்பவர்கள் உண்டு. மானிட்டர் வைத்து மாதத்துக்கு ஒன்று செய்பவரா, மானிட்டர் இல்லாமல் வாரத்துக்கு மூன்று செய்பவரா என்று வந்தால், எளிய கட்டிக்கு நாங்கள் இரண்டாமவரிடம் போகச் சொல்வோம்.

ஆபரேஷனுக்கு முன் ஸ்கோப். மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப்பை விட்டு நாண்களைப் பார்க்க ஒரு சில நிமிடம் போதும். குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக இதைத் தவிர்க்கக் கூடாது: ஒரு நாண் மெல்ல மெல்லச் செயலிழந்திருந்தால் மறு நாண் ஈடுகட்டி, பேச்சில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். முன்பு கழுத்திலோ மார்பிலோ ஆபரேஷன் நடந்தவர், குரலில் மாற்றம் உள்ளவர், புற்று நரம்புப் பக்கம் போயிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர் ஆகியோருக்கு இது கட்டாயம். ஸ்கோப் பிடிக்காதவர்களுக்குக் கழுத்தின் மேலிருந்தே அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். நடுவயது தாண்டிய ஆண்களுக்குக் குருத்தெலும்பு கெட்டியாகிவிடுவதால் அதில் படம் சரியாகத் தெரியாது.

## சிக்னல் போனால் என்ன செய்வோம் என்ற ஒப்பந்தம்

இரண்டு பக்க ஆபரேஷனுக்கு மானிட்டரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தப் பேச்சை முடிக்காமல் மேசைக்குப் போகக் கூடாது. முதல் பக்கத்தில் சிக்னல் போனால் டாக்டர் நிறுத்துவாரா, தொடர்வாரா? நியாயமான வழி இது: கருவிக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்து, சுமார் 20 நிமிடம் காத்திருப்பது, அலை பழைய அளவில் பாதிக்கு மேல் திரும்பினால் மறுபக்கம் போவது, திரும்பாவிட்டால் மூடிவிடுவது. மறுபக்கத்தை நாண் தேறியது ஸ்கோப்பில் தெரிந்த பிறகு செய்யலாம். சாதாரணக் கழலைக்கு மட்டுமல்ல, மெதுவாக வளரும் பெரும்பாலான தைராய்டு புற்றுக்கும் சில மாத இடைவெளி பொதுவாகக் கெடுதல் செய்யாது. மூச்சுக்குழாயை நெருக்கும் கழலை, வேகமாகப் பரவும் புற்று இருந்தால் கணக்கு மாறும். அதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

இந்த ஒப்பந்தம் சம்மதப் படிவத்தில் எழுதப்பட வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது உங்களைக் கேட்க முடியாது. வெளியே காத்திருக்கும் உறவினர், "பாதியில் நிறுத்திவிட்டார்களே" என்று கோபப்படுவார். எழுதியிருந்தால் டாக்டருக்கும் நிறுத்தத் துணிச்சல் வரும். "சிக்னல் போனாலும் நான் தொடர்வேன்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் மானிட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் குறைவு.

கேட்க வேண்டியவை, சுருக்கமாக:

- தொடக்கத்திலும் முடிவிலும் வேகஸைத் தூண்டிப் பதிவெடுப்பீர்களா? அதன் நகல் டிஸ்சார்ஜ் தாள்களோடு கிடைக்குமா?
- மயக்க மருந்து நிபுணர் இந்த ட்யூபில் பழகியவரா?
- மேல்முனையில் வெளிக்கிளையைத் தேடுவீர்களா?
- ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோருக்கும் ஸ்கோப் பார்ப்பீர்களா, குரல் கம்மியவர்களுக்கு மட்டுமா?

## ஆபரேஷனுக்குப் பிறகு

முதல் சில நாள் குரல் கரகரப்பது ட்யூபின் உராய்வாலும் வீக்கத்தாலும் வரலாம். அது தானாகக் குறையும். குரல் காற்றாக ஒழுகுவது, இருமல் வலுவில்லாமல் போவது, தண்ணீர் புரையேறுவது ஆகியவை நாண் நின்றதன் அடையாளம். மூச்சு இழுக்கும்போது கீச்சொலி வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நாண் அசையவில்லை என்று ஸ்கோப்பில் தெரிந்தால் "ஆறு மாதம் பார்ப்போம்" என்று வெறுமனே காத்திருப்பது பழைய பழக்கம். குரல் பயிற்சியை உடனே தொடங்கலாம். புரையேறுதல் அதிகம் இருந்தால், கரைந்துபோகும் நிரப்பியை நாணில் ஊசியால் செலுத்தி நடுவுக்குத் தள்ளலாம். நரம்பு தேறும்வரை அது தாங்கும். இழுவைக் காயங்களில் பெரும்பாலானவை சில வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் தேறிவிடும். 12 மாதம் ஆகியும் அசைவு வராவிட்டால்தான் நிரந்தரம் என்று கொண்டு, நாணை நிலையாக நடுவுக்கு நகர்த்தும் ஆபரேஷன் செய்வார்கள். ஆபரேஷனின்போதே நரம்பு வெட்டுப்பட்டது தெரிந்தால் அப்போதே இழுப்பில்லாமல் தைப்பதோ, கழுத்திலுள்ள வேறொரு நரம்பை அதனோடு இணைப்பதோ நல்லது. நாண் மறுபடி அசையாது. ஆனால் தசை சூம்பாமல் நின்று, குரல் ஓரளவு பலமாக இருக்கும்.